எட்டு வரிசையும் ஒரு முழ நிழலும்

சூரியன் எல்லா ஊருக்கும் பொதுவானது, ஆகவே எல்லா ஊரிலும் அது ஒரே வழியில்தான் போகும் என்று நாற்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் உலக உருண்டையைச் சுற்றிக் காட்டினார்கள்தான். அது பரீட்சைக்கு என்று நினைத்தேன். தோட்டத்துக்கும் சேர்த்து என்று யாரும் சொல்லவில்லை. கம்பத்தில் இருபத்திரண்டு வருடம் பன்னீர் திராட்சை போட்டவன் நான். தை மாதம் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், ஆனி ஆடியில் கொஞ்சம் வடக்கே, மற்ற நாளெல்லாம் உச்சந்தலையில். இதைத் தெரிந்துகொள்ள உருண்டை எதற்கு?

இந்த ஞானத்தோடு 1996 ஜனவரியில் நியூசிலாந்து போய், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஒரு அம்மாளின் திராட்சைத் தோட்டத்தில் இறங்கினேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சிரிக்க விரும்புகிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். என் தங்கை இன்னும் நிறுத்தவில்லை.

ஜனவரி 9, செவ்வாய். சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து பத்து மணி நேரம் ஆக்லாந்து. விமானத்திலேயே ஒரு படிவம் கொடுத்தார்கள். சமீபத்தில் பண்ணை எதற்காவது போனதுண்டா என்று ஒரு கேள்வி. போனதுண்டாவா? நான் அங்கேயே குடியிருக்கிறவன். ‘ஆம்’ என்று எழுதிவிட்டு, அடுத்த மூன்று மணி நேரம் எழுதியிருக்கக்கூடாதோ என்று வேர்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியதும் கையுறை போட்ட ஒரு இளம்பெண் என் பெட்டியைத் திறந்து இரண்டு பொருள்களை வெளியே எடுத்தாள்: என் செருப்பு, என் கவாத்துக் கத்தரி. இரண்டிலும் கம்பத்து மண். இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிறையில் சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் திரும்பி வந்து, கழுவித் துடைத்து, பையில் போட்டுக் கொடுத்து ஒரு புன்னகையும் செய்தாள். அந்தச் செருப்பு வாங்கிய நாளில்கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

வெளியே தங்கை செல்வியின் கணவர் முருகேசன் நின்றிருந்தார். அதே விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை.

“என்ன மச்சான், மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு?”

“செருப்பக் கைது பண்ணிட்டாங்க மாப்பிள்ளை. இப்பத்தான் ஜாமீன்ல வந்துச்சு.”

பாபடோயிட்டோய்க்குக் கால் மணி நேரம். நம்மவர் கடைகள், நம்மவர் முகங்கள், புளியிலிருந்து பொட்டு வரைக்கும் எல்லாம் உண்டு. ஒரு கடை வாசலில் திராட்சை கிலோ ஐந்து டாலர் என்று எழுதியிருந்தது. மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்து, காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தேன். வீட்டு வாசலில் செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் மப்ளர், ஸ்வெட்டர், காதை மூடிய குல்லாய் சகிதம் இருந்தேன்.

“அண்ணே, இது கோடைகாலம்ணே. அக்கம்பக்கத்துல எல்லாரும் அரைக்கால் சட்டையோட திரியறாங்க. நீ மட்டும் கன்னம் வைக்க வந்தவன் மாதிரி நிக்கிறியே.”

இருபத்திரண்டு டிகிரியைக் கோடை என்று சொல்லும் தேசத்தில் திராட்சை எப்படிப் பழுக்கும் என்று எனக்கு ஒரே ஆவல். அந்த ஆவல்தான் வினையாயிற்று.

ஜனவரி 14, ஞாயிறு. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பொங்கல் விழா. யாழ்ப்பாணத்துக்காரர், மதுரைக்காரர், மலேசியாக்காரர் எல்லாம் ஒரே பந்தியில். பிள்ளைகள் இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டு வடை தின்றார்கள். நான் என் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் திராட்சைப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். இரண்டு வருடத்தில் ஐந்து அறுவடை, கொடியை வெட்டினால் பத்தாம் நாள் துளிர் என்றெல்லாம். எதிர் வரிசையில் இருந்த மெலிந்த மனிதர் இலையை மூடிவிட்டு என்னிடம் வந்தார்.

“அண்ணை, நீங்கள் திராட்சைக்காரரோ? நான் ஹென்டர்சனிலை ஒரு வைன் தோட்டத்திலைதான் நிக்கிறன். சிவநேசன். ஊரிலை அரசாங்கக் கச்சேரியிலை கிளாக்கா இருந்தனான். இப்ப எட்டு வருசமா கொடியோடைதான் சீவியம்.”

“அப்ப ஒரு நாள் வந்து பாக்கலாமா?”

“ஓம், ஏன் ஏலாது? செவ்வாய்க்கிழமை வாங்கோ. ஆள் பத்தாமல் நிக்கிறம். ஆனா சும்மா சொல்லக்கூடாது, உங்களை மாதிரி அனுபவக்காரருக்கு எங்கடை வேலை விளையாட்டு.”

‘அனுபவக்காரர்’ என்று ஒரு மனிதன் சொன்னால் போதும், நான் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில்கூட இறங்குவேன்.

ஜனவரி 16, செவ்வாய். காலை 6.40. பாபடோயிட்டோயில் டீசல் ரயில் ஏறி, ஆக்லாந்து நிலையத்தில் வேறு ரயில் மாறி, ஹென்டர்சனில் இறங்கும்போது மணி எட்டேகால். சிவா ஒரு பழைய பிக்-அப் வண்டியோடு காத்திருந்தார். ஐந்து கிலோமீட்டர் மேற்கே போனோம். வானம் முழுக்க ஈரப் போர்வை போல மேகம். எதிரே வைட்டாக்கரே மலைத்தொடர். அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு துள்ளல். எங்கள் தோட்டத்தில் நின்று பார்த்தாலும் மேற்கே குமுளி மலை இப்படித்தான் நிற்கும். மலை மேற்கே; அப்படியானால் இது கிழக்கு, இது தெற்கு, இது வடக்கு. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்தும் திசை தப்பாதவன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன். (திசை தப்பவில்லை. அதை இப்போதும் சொல்வேன். தப்பியது வேறு.)

தோட்டக்காரி நேடா வாசலிலேயே நின்றாள். அறுபது வயதிருக்கும், ஆண்களின் பூட்ஸ், தலையில் கைக்குட்டைக் கட்டு. அவள் அப்பா குரோஷியாவிலிருந்து கப்பலேறி வந்து கொடி நட்டவர். கருப்புக் காப்பி கொடுத்தாள். கஷாயம் மாதிரி இருந்தது, குடித்தேன். பிறகு சரிவில் இருந்த இருபது வரிசைகளைக் காட்டினாள்.

எங்கள் ஊரில் திராட்சை பந்தலில் ஏறும். குலை தலைக்கு மேலே தொங்கும். இலை மொத்தமும் வெயிலுக்குப் பிடித்த குடை. இங்கே கொடிகளை வேலி போலக் கம்பியில் நிறுத்தியிருந்தார்கள். குலைகள் இடுப்புக்குக் கீழே. காய்கள் பச்சை மிளகு அளவு. ஒயினுக்கு இந்தச் சின்னப் பழம்தான் வேண்டுமாம். எங்கள் பழம் இந்த அளவில் இருந்தால் வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

நேடா பேசினாள், சிவா தமிழில் சொன்னார். இந்த இருபது வரிசையும் அவள் அப்பா கடைசியாக நட்டவை. குளிர் ஊர் என்பதால் பழுக்கவே நாளாகும். பழுப்பதற்குள் இலையுதிர்கால மழை வந்துவிடும். மூன்று வருடமாகச் சாற்றின் இனிப்பு பத்தொன்பது டிகிரியைத் தாண்டவில்லை. பக்கத்து நிலத்தில் அடித்திருந்த சிறு மரமுளைகளைக் காட்டினாள். ஒவ்வொன்றின் தலையிலும் ஆரஞ்சு நாடா. வீடு கட்டுவதற்காக அளந்த நிலம். இந்தச் சரிவையும் விற்றுவிடலாம் என்று அவள் அண்ணன் மூன்று வருடமாகச் சொல்லிவருகிறான். இந்த முறை இருவரும் பேசி முடித்துவிட்டார்கள்: இனிப்பு இருபதைத் தொட்டால் கொடி இருக்கும். தொடாவிட்டால் மே மாதம் புல்டோசர்.

“அதனாலைதான் இண்டைக்கு இலை கிள்ளுறம்,” என்றார் சிவா. “குலையைச் சுத்தி இருக்கிற இலையளை மட்டும் எடுக்கிறது. வெயில் விழுகிற பக்கம் மட்டும். மற்றப் பக்கம் தொடக்கூடாது. வெயில் குலையிலை பட்டாத்தான் இந்தக் குளிருக்குள்ளை இனிப்பு ஏறும்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாங்கள் வெயிலை விரட்டக் குடை பிடிப்பவர்கள். இவர்கள் வெயிலைக் கையைப் பிடித்து இழுத்து வந்து குலைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள்! அடடா, இதை ஊரில் போய்ச் சொன்னால் என்னை மந்திரித்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

கீழே எட்டு வரிசை எனக்கு. மேலே பன்னிரண்டு வரிசை சிவாவுக்கு. விசாப்படி நான் வேலை செய்யக்கூடாது. ஆகவே நான் செய்தது வேலை அல்ல. வேடிக்கை பார்க்கும்போது கை சும்மா இராமல் இலை கிள்ளியது. கூலி, மதியச் சாப்பாடு.

வரிசைகள் கிழக்கு மேற்காக ஓடின. அதாவது ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தெற்கு முகம், ஒரு வடக்கு முகம். மேகம் கலையவில்லை. வெயில் எந்தப் பக்கம் விழும் என்று சிவாவைக் கேட்டிருக்கலாம். வாய் திறந்தால் போதும். ஆனால் இருபத்திரண்டு வருடம் திராட்சை போட்டவன், வெயில் எந்தப் பக்கம் என்று கேட்பானா? தை பிறந்து இரண்டாம் நாள். தையில் சூரியன் தெற்கே. தெற்குப் பக்கத்து இலைகளைக் கிள்ளத் தொடங்கினேன்.

ஒன்பதரை மணிக்குத் தொடங்கியவன், சத்தியமாகச் சொல்கிறேன், பறந்தேன். இரண்டு கையாலும் கிள்ளினேன். குலைகள் ஒவ்வொன்றாக முகம் காட்டக் காட்ட எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு கட்டத்தில் பாட்டுக்கூடப் பாடினேன். பதினோரு மணிக்கு நாலு வரிசை. சிவா சரிவுக்கு அந்தப் பக்கம்; தலைகூடத் தெரியவில்லை. அவருக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று ஸ்வெட்டரைக் கழற்றிக் கம்பியில் போட்டேன். ஒரு மணிக்கு எட்டாவது வரிசையின் கடைசிக் கொடி.

ஒன்றேகால் மணிக்கு மேகம் விலகியது.

நல்ல வெயில். நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து, என் சாதனையை ரசிக்கலாம் என்று பார்த்தேன். குலைகளில் வெயில் இல்லை. கிள்ளிய பக்கம் முழுக்க நிழல். என் காலடியைப் பார்த்தேன். என் நிழல் ஒரு முழ நீளத்துக்குத் தெற்கே விழுந்திருந்தது.

முதலில் நிழல்தான் தப்பு என்று நினைத்தேன். பிறகு மலை தப்பு என்று நினைத்தேன். மலை இடம் மாறாது என்பதால், எனக்கு மயக்கம் வருகிறது என்று முடிவுசெய்து தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தும் நிழல் தெற்கேதான் இருந்தது. கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மேலே பார்த்தேன். சூரியன் ஒளிவு மறைவு இல்லாமல் வடக்கே நின்றது. வரிசையின் மறுபக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு இலைகூடக் குறையாமல் அடர்ந்து நின்ற வடக்கு முகம் மொத்த வெயிலையும் குடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் எனக்குத் தோன்றிய யோசனைகள்: ஒன்று, நெஞ்சுவலி என்று படுத்துவிடுவது. இரண்டு, ஹென்டர்சன் நிலையத்துக்கு ஓடுவது, ஐந்து கிலோமீட்டர்தானே. மூன்றாவது யோசனையைத்தான் செய்தேன். தரையில் கிடந்த இலைகளை அள்ளி, ஒவ்வொன்றாகக் கம்பிக்கும் தண்டுக்கும் நடுவே திரும்பச் செருகத் தொடங்கினேன்.

ஒரு பதினைந்து கொடிக்குச் செருகியிருப்பேன். பின்னால் குரல்.

“அண்ணை... உதென்ன செய்யிறியள்?”

நான் கையில் ஒரு கட்டு இலையோடு திரும்பினேன். “சிவா, ஒங்க ஊர்ல சூரியன் தப்பாப் போகுதுப்பா!”

அவர் குலையைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்.

“முதல் குளிர்காலம் நான் உடுப்பெல்லாம் வீட்டுக்குத் தெற்காலைதான் காயப்போட்டனான். மூண்டு மாசமா ஒண்டும் காயேல்லை. மனிசி நான் சரியாப் பிழியேல்லை எண்டு ஏசினவள்.”

“அட பாவி மனுசா! அத மொதல்லயே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?”

“நீங்கள் கேக்கேல்லையே அண்ணை. இருபத்திரண்டு வருசம் எண்டு சொன்னனீங்கள். உங்களுக்குப் போய் வெயிலைக் காட்டுறது மரியாதையோ?”

சிரிப்பு அவ்வளவுதான். நேடா சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் சாப்பாட்டுக் கூடை. எட்டு வரிசையையும் முதலிலிருந்து கடைசி வரை நடந்து பார்த்தாள். நான் செருகிய இலைகளில் ஒன்றை உருவி எடுத்து, அதையும் பார்த்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மன்னிப்பு என்ற சொல்லை ஏழெட்டு முறை சொன்னேன். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்: உங்கள் ஊரில் சூரியன் எந்தப் பக்கம்?

“தையில் தெற்கே. ஆனியில் வடக்கே. மற்ற நாள் தலைக்கு மேலே.” சிவா மொழிபெயர்த்தார்.

அவள் ஏதோ சொன்னாள். சிவா என்னிடம் திரும்பினார். “அப்ப உங்களுக்கு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியே வரேல்லை எண்டு சொல்லுறா. குடுத்து வைச்சனீங்களாம்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஆரஞ்சு நாடா கட்டிய முளைகளின் பக்கம் ஒரு முறை பார்த்தாள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

முடிவை அவளே சொன்னாள். போன இலை திரும்பாது. வடக்குப் பக்கத்திலும் இப்போதே கிள்ள வேண்டும். ஆனால் பாதி இலை மட்டும். இரண்டு பக்கமும் திறந்த குலைக்கு வெயில் பழகவில்லை. அடுத்த பத்து நாளில் கடும் வெயில் அடித்தால் காய் வெந்து சுருங்கிப் போகும். அடிக்காவிட்டால் பிழைக்கும். மாலை ஐந்து மணி வரை மூவருமாக வடக்குப் பக்கம் கிள்ளினோம். ஒவ்வொரு இலைக்கும் நான் நேடாவின் முகத்தைப் பார்த்து அனுமதி வாங்கினேன். நாலாவது வரிசையில் அவளுக்கே எரிச்சல் வந்து, பார்க்காமல் கிள்ளு என்று கையால் காட்டினாள்.

ஜனவரி 17 முதல் 26 வரை. இந்தப் பத்து நாளில் நான் ஆக்லாந்தில் என்னென்ன பார்த்தேன் என்று கேட்டால், வானம் பார்த்தேன். காலையில் எழுந்ததும் மேகம் இருக்கிறதா என்று ஜன்னல். வானொலியில் வானிலை சொன்னால் வீட்டில் யாரும் பேசக்கூடாது. மேகம் வந்தால் எனக்குப் பசித்தது. வெயில் வந்தால் சோறு இறங்கவில்லை. முருகேசன் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். இருபத்தேழு டிகிரி. ஊரே மணலில் படுத்துக் குதூகலித்தது. நான் மட்டும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, எட்டு வரிசைக்காக முனகிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே,” என்றாள் செல்வி, “கம்பத்துல ஒன் தோட்டம் ஆலங்கட்டி மழையில போனப்பக்கூட நீ இப்படி இல்லியே.”

“அது என் தோட்டம்மா. போனா எனக்குப் போச்சு.”

அவள் அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை. அன்று மாலை வரை.

சனிக்கிழமை 27ஆம் தேதி முதல் ரயிலைப் பிடித்துப் போனேன். சிவா கேட்டைத் திறக்கும் முன்பே ஏறிக் குதித்துவிட்டேன். எட்டு வரிசையையும் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு கையளவு காய் பழுப்பேறியிருந்தது. மற்றதெல்லாம் பச்சைப் பசேலென்று என்னைப் பார்த்தன. நான் கம்பி கட்டிய ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நேடா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்காகவா கம்பத்துக்காகவா தெரியாது.

அதற்குப் பிறகு வாரா வாரம் சனிக்கிழமை ஹென்டர்சன். பிப்ரவரி கடைசியில் காய்கள் நிறம் மாறத் தொடங்கின. பச்சைக்கு நடுவே ஒரு கருநீலம், மறுவாரம் பத்து. மார்ச்சில் பறவைகளுக்காக வலை போர்த்தினோம். சிவா சட்டைப்பையில் ஒரு சின்னக் குழல் வைத்திருந்தார். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே கண்ணில் வைத்துப் பார்த்தால் இனிப்பு எத்தனை டிகிரி என்று ஒரு நீலக் கோடு காட்டும். மார்ச் 9: பதினாலு. மார்ச் 23: பதினாறரை. நான் குழலைக் கையில் வாங்கினால் கோடு நடுங்கும். “அண்ணை, உங்கடை கைதான் நடுங்குது, கோடு நல்லாத்தான் நிக்குது,” என்பார் சிவா.

இரண்டு வருடத்தில் ஐந்து அறுவடை எடுக்கிறவன், ஒரே ஒரு அறுவடைக்கு ஒரு வருடம் முழுக்கக் காத்திருப்பதை முதன்முறையாகப் பார்த்தேன். எங்களுக்கு ஒன்று தவறினால் அடுத்தது நாலைந்து மாதத்தில். இவளுக்கு அடுத்தது என்பதே அடுத்த வருடம். அதுவும் புல்டோசர் வராவிட்டால். இப்படி ஒரு விவசாயத்தை நடுக்கமில்லாமல் செய்கிறவர்கள் மனிதர்களே அல்ல என்று நினைத்தேன். பிறகொரு நாள் நேடா மழை வருகிறதா என்று வாசலில் நின்று பார்த்தபோது, அவள் விரல்கள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தன.

ஏப்ரல் 6, சனி. கடைசியாகப் போனேன். சிவாவின் வரிசைகள் பத்தொன்பது. என் வரிசைகள் பதினெட்டரை. மேற்கே மலைமேல் கறுத்த மேகம். நேடா எனக்கு ஒரு பை வால்நட் கொடுத்தாள். நான் என் கவாத்துக் கத்தரியை அவளிடம் கொடுத்தேன். திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு அதை வடக்குப் பக்கம் நீட்டிக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். நானும் வடக்கே கை காட்டினேன். “ஓம், இப்ப விளங்கிட்டுது ஆளுக்கு,” என்றார் சிவா.

ஏப்ரல் 8, திங்கள். விசா முடிய ஒரு நாள் இருக்கும்போது கிளம்பினேன். காரில் விமான நிலையம் போகும்போது கண்ணாடியில் தூறல்.

“மச்சான், ஒரு தூறலுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது,” என்றார் முருகேசன்.

“மாப்பிள்ளை, நீங்க சரக்கு ஏத்துறவரு. ஒங்களுக்குத் தெரியாது.” அப்படிச் சொன்னவனுக்கு என்ன தெரியும் என்பதை வாசகர்கள் ஏற்கெனவே அறிவார்கள்.

கம்பம் வந்து சேர்ந்த மறுநாள் மதியம் பந்தலுக்கடியில் போய் நின்றேன். பங்குனிக் கடைசி வெயில் இலையில் முட்டி நின்றது. பந்தலுக்கு வெளியே வந்து என் நிழல் எங்கே என்று தேடினேன். காலுக்கடியிலேயே கிடந்தது. எந்தப் பக்கமும் போகவில்லை.

சிவாவின் கடிதம் மே முதல் வாரத்தில் வந்தது. நான் கிளம்பிய அன்று தூறியதோடு சரி. பிறகு எட்டு நாள் மழை இல்லை. ஏப்ரல் 17, புதன்கிழமை பறித்தார்கள். சிவாவின் பன்னிரண்டு வரிசை இருபத்தொன்று. என் எட்டு வரிசை இருபதரை. இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டினார்கள். புல்டோசர் வரவில்லை.